தகடும் கத்தரியும்



புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் திருவரங்குளம் என்னும் ஊர் உள்ளது. இவ்வூரின் பெயரைப் புதுதில்லியிலுள்ள தேசிய அருங்காட்சியகத்திலும் காணலாம். கி.பி. 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடராசர் செப்புத் திருமேனி ஒன்று, சதுர தாண்டவ நிலையில், அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அது திருவரங்குளத்திலிருந்து சென்றது. அதனைக் காண்போர் சோழர் காலக் கலைஞனின் திறனை வியந்து போற்றுவர். ஆனால், அவன் பெயரை நாம் அறியோம். அவன் கையாண்ட கருவிகளைப் பற்றியும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. உலோகத்தை உருவாக்கிய கைகளின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை இன்று காண்போம். தகட்டை வெட்டும் கத்தரி எவ்வாறு வளர்ந்தது, வேலைக்கு ஏற்ற கத்தரியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே நமது பொருள்.

உலோக வேலையில் இரு பெரும் வழிகள் உண்டு. ஒன்று வார்ப்பு, மற்றொன்று தகட்டு வேலை. திருவரங்குளத்து நடராசர் வார்ப்பு வழியைச் சேர்ந்தவர். மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது அம்முறை. வார்த்தபின் உளியும் அரமும் போதும். கத்தரிக்கு அங்கே வேலை இல்லை. தகட்டு வேலையோ முற்றிலும் வேறானது. உலோகத்தை அடித்து மெல்லியதாக்கி, வேண்டிய வடிவில் நறுக்கி, வளைத்து, மடித்து, இணைத்துப் பொருளாக்குவது அது. வார்ப்பவனுக்கு அச்சு எப்படியோ, தகட்டு வேலைக்காரனுக்கு வெட்டு அப்படி. வெட்டு பிழைத்தால் மடிப்பும் பிழைக்கும். மடிப்புப் பிழைத்தால் பாத்திரம் ஒழுகும்.

தமிழ்நாட்டில் தகட்டு வேலை மிகப் பழமையானது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு ஒன்று இதற்குச் சான்று பகர்கின்றது. முதலாம் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010-ஆம் ஆண்டில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்குச் செப்புக்குடம் ஒன்றை அளித்தான். அக்குடத்தின் நிறை 3,083 பலம் என்றும், அதன்மேல் போர்த்திய பொன் தகட்டின் நிறை 2,926½ கழஞ்சு என்றும் அக்கல்வெட்டு கூறுகின்றது. அரைக் கழஞ்சும் விடாமல் நிறுத்தெழுதிய காலம் அது. குடத்தின் வளைவுக்கு ஏற்பப் பொன் தகட்டை நறுக்கிப் பொருத்திய தட்டார் எவ்வளவு கருத்தோடு வேலை செய்திருக்க வேண்டும்! ஓரத்தில் வீணாகும் துணுக்கும் கணக்கில் வரும் பொருளன்றோ?

தகட்டை வெட்டுவதற்கு மனிதன் முதலிற் கண்ட கருவி வெட்டிரும்பு எனலாம். தகட்டைப் பட்டடைமேல் வைத்து, வெட்டிரும்பை அதன்மேல் நிறுத்திச் சுத்தியலால் அடித்தால் தகடு துண்டாகும். தடித்த தகட்டிற்கு இம்முறை இன்றும் ஏற்றதே. ஆனால், மெல்லிய தகட்டை இவ்வாறு வெட்டினால் ஓரம் நசுங்கி வளையும். நசுங்காமல் வெட்டவேண்டுமாயின், இரண்டு கூரிய அலகுகள் ஒன்றையொன்று உரசிச் செல்ல, இடையிலுள்ள தகடு அறுபடவேண்டும். அதுவே கத்தரியின் தத்துவம்.

கத்தரி உலகின் பழைய கருவிகளுள் ஒன்று. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மேற்கு ஆசியாவில் அது வழக்கில் இருந்தது. பழைய கத்தரி ஒரே உலோகப் பட்டையை வில்போல் வளைத்துச் செய்தது. அழுத்தினால் மூடும், விட்டால் தானே திறக்கும். ஆட்டு மயிர் கத்தரிக்கும் கருவியில் அவ்வடிவத்தை இன்றும் காணலாம். இரு அலகுகளை நடுவில் ஆணியால் இணைத்த கத்தரி உரோமானியர் காலத்தில் வழங்கியது. சங்க காலத் தமிழரும் கத்தரியை நன்கு அறிந்திருந்தனர். கரிகாற் சோழனைப் பாடிய பொருநராற்றுப்படையில், பாடினியின் காதுக்கு முடி கத்தரிக்கும் கருவியின் வளைந்த கடைப்பகுதி உவமையாக வருகின்றது. கேட்போர் நன்கறிந்த பொருளையே புலவர் உவமையாக எடுத்தாள்வர். ஆகவே, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் கத்தரி கண்ணுக்குப் பழகிய பொருளாக இருந்தது என்று கொள்ளலாம்.

முடியை வெட்டும் கத்தரிக்கும் தகட்டை வெட்டும் கத்தரிக்கும் வேறுபாடு யாது? தையற்காரர் கையிலுள்ள கத்தரியைப் பாருங்கள். அலகுகள் நீளம், கைப்பிடி குட்டை. தகட்டுக் கத்தரியில் அலகுகள் குட்டை, கைப்பிடிகள் நீளம். துணி எதிர்ப்புக் காட்டாது. ஆகவே ஒரே வீச்சில் நெடுந்தூரம் வெட்டுவதே தையற்காரருக்கு வேண்டுவது. தகடு எதிர்ப்புக் காட்டும். ஆகவே விசையே அங்கு வேண்டுவது. நெம்புகோல் விதியை நீங்கள் பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இணைப்பாணியிலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் கைப்பிடியை அழுத்துகிறோம் என்று கொள்வோம். தகடு ஆணியிலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், நம் கைவிசை இருமடங்காகும். அதே தகட்டை 2.5 சென்டிமீட்டர் அருகே கொண்டுவந்தால், எட்டு மடங்காகும். தகட்டைக் கத்தரியின் வாய்க்குள் ஆழமாகச் செலுத்தி வெட்டு என்று பட்டறையில் மூத்தவர் சொல்வது இவ்விதியையே. அவர் அதை எந்திர லாபம் என்று பெயரிட்டு அழைக்காமல் இருக்கலாம். ஆனால், அவர் கை அதை அறியும்.

தகட்டுக் கத்தரியின் பிற்கால வளர்ச்சிக்குத் தகட்டின் மாற்றங்களே காரணமாயின. புதிய தகடு ஒன்று வந்தபோதெல்லாம் கத்தரியும் மாறவேண்டியதாயிற்று. அவ்வரலாற்றைச் சிறிது தொடர்வோம்.

முதலில் பொன், வெள்ளி, செம்பு, பித்தளை என்னும் மென்மையான உலோகங்கள். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் (1798–1832) சிறப்புற்ற தஞ்சாவூர்க் கலைத்தட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மெல்லிய வெள்ளித் தகட்டில் தெய்வ உருவங்களையும் பூவேலைகளையும் புடைப்பாக எடுத்துப் பித்தளைத் தட்டின்மேற் பதிப்பர். இத்தகு நுண்ணிய வேலைக்குச் சிறிய கத்தரியே போதும். அங்கே வேண்டுவது விசையன்று, நுட்பம். இக்கலைத்தட்டுக்கு 2007-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அடுத்து வந்தது தகரம். இச்சொல்லின் வரலாறே சுவையானது. தகரம் என்பது முன்னர் வெள்ளீயத்தைக் குறித்த சொல். பின்னர், துருப்பிடிக்காதிருக்க வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டிற்கு அப்பெயர் வழங்கலாயிற்று. இன்றோ எந்த மெல்லிய இரும்புத் தகட்டையும் நாம் தகரம் என்கிறோம். மேலே பூசிய பொருளின் பெயர் உள்ளிருக்கும் பொருளுக்கு ஆகிவிட்டது. இங்கிலாந்தில் பீட்டர் டுராண்டு என்பார் உணவைத் தகரக் குவளைகளில் அடைத்துக் காக்கும் முறைக்கு 1810-இல் காப்புரிமை பெற்றார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நான்கு காலன் கொள்ளும் சதுரத் தகர டின்களில் மண்ணெண்ணெய் நம் நாட்டு ஊர்களுக்கெல்லாம் வந்தது.

எண்ணெய் தீர்ந்த டின்னை நம் மக்கள் எறிந்துவிடவில்லை. அதை விரித்தால் நல்ல தகடு கிடைத்தது. அத்தகட்டிலிருந்து புனல், படி, சிம்னி விளக்கு, உண்டியற் பெட்டி, முறம் எனப் பல பொருள்கள் உருவாயின. வாரச் சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் தகரத் தொழிலாளி கடை விரித்தார். அவரிடம் இருந்தவை ஒரு கத்தரி, ஒரு மரச் சுத்தியல், பற்றவைக்கும் ஈயம், கரியடுப்பு ஆகியவையே. அயல்நாட்டு எண்ணெய் வணிகம் போட்டுச் சென்ற குப்பையிலிருந்து ஒரு கைத்தொழில் நம் நாட்டில் பிழைத்தது என்பது பொருளாதார வரலாற்றில் மறக்கத்தக்கதன்று. இந்தியாவிலேயே வெள்ளீயத் தகடு செய்வதற்காக 1920-இல் சாம்செட்பூரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது.

மூன்றாவதாக வந்தது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. இலண்டனில் ஹென்றி பாமர் 1829-இல் நெளி தகட்டிற்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் சோரெல் என்பவர் இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837-இல் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் இணைந்தபோது உலகெங்கும் கூரைகள் மாறின. இத்தகடு டின் தகட்டைவிடத் தடித்தது. இதற்கு வலிய கத்தரி வேண்டியதாயிற்று.

தடிப்பைச் சொல்லும் அளவையும் அக்காலத்தில் வரையறுக்கப்பட்டது. பிரிட்டனில் 1884-இல் நடைமுறைக்கு வந்த கேஜ் அளவு நம் கடைத்தெருவில் இன்றும் வழங்குகின்றது. அதில் ஒரு விந்தை உண்டு. எண் பெருகப் பெருகத் தடிப்புக் குறையும். அவ்வளவின்படி 18 கேஜ் தகடு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் தடிப்பு. 22 கேஜ் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர், 26 கேஜ் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்தது. ஆயினும் கடைக்காரர் கேஜில் பேசுவார். வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கும். இரண்டையும் அறியாத மாணவன் தவறான தகட்டையும், அதற்குத் தவறான கத்தரியையும் வாங்கி வருவான்.

நான்காவது மாறுதல் ஆகாய விமானத்தால் வந்தது. விமானத்தின் உடல் அலுமினியக் கலவைத் தகடுகளால் ஆனது. பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940-இல் தொடங்கப்பட்டபோது அத்தகட்டு வேலை தென்னிந்தியாவுக்கும் வந்தது. வளைந்த கோடுகளில், கை சலிக்காமல், நாள் முழுதும் வெட்டவேண்டிய தேவை அத்தொழிலில் எழுந்தது. அதற்காக உருவானதே கூட்டு நெம்புகோற் கத்தரி. தொழிலாளர் இதனை ‘ஏவியேஷன் ஸ்னிப்’ என்பர். இதில் ஒரு நெம்புகோல் மற்றொரு நெம்புகோலை இயக்கும். முதலாவது விசையை மூன்று மடங்காக்கி, இரண்டாவது அதை நான்கு மடங்காக்கினால், மொத்தம் பன்னிரண்டு மடங்காகும். ஆகவே, சிறிய கருவியாயினும் பெரிய கத்தரியின் வேலையைச் செய்யும்.

இக்கத்தரியின் கைப்பிடிகளுக்கு நிறங்கள் உண்டு. மஞ்சள் நேர்கோட்டிற்கு, சிவப்பு இடப்பக்கம் வளைந்து வெட்டுவதற்கு, பச்சை வலப்பக்கம் வளைந்து வெட்டுவதற்கு. கப்பலிலும் விமானத்திலும் இடப்பக்க விளக்குச் சிவப்பாகவும் வலப்பக்க விளக்குப் பச்சையாகவும் இருப்பதை நினைவிற்கொண்டால் இது மறவாது. சிவப்புக் கைப்பிடி இடக்கைப் பழக்கமுடையவர்க்கு உரியது என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. நிறம் வெட்டின் திசையைக் காட்டுவது, கையைக் காட்டுவதன்று.

ஐந்தாவதாக நம் அடுக்களைக்குள் புகுந்தது எவர்சில்வர். ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்னும் அறிஞர் 1913-இல் துருவேறா எஃகை உருவாக்கினார். அந்நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழ்நாட்டு வீடுகளில் பித்தளையின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. பளபளப்பைக் கண்டு மயங்கிச் சாதாரணத் தகடு போலவே இதையும் வெட்டிவிடலாம் என்று எண்ணுதல் கூடாது. இது கடினமானது, வெட்ட வெட்ட ஓரம் மேலும் இறுகும். மென்னிரும்புத் தகட்டில் 18 கேஜ் வரை வெட்டும் ஏவியேஷன் ஸ்னிப், எவர்சில்வரில் 22 கேஜ் அளவோடு நின்றுவிடும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? எல்லாத் தகட்டிற்கும் ஏற்ற ஒரே கத்தரி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு கத்தரியும் ஒரு குறிப்பிட்ட தகடு எழுப்பிய வினாவுக்கு விடையாகப் பிறந்தது. ஆகவே, கத்தரியைத் தேர்ந்தெடுப்பவன் முதலில் தகட்டை அறியவேண்டும். கடைக்குச் செல்லுமுன் நான்கு வினாக்களை அவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வினா: உலோகம் எது? செம்பா, அலுமினியமா, இரும்பா, எவர்சில்வரா? இரண்டாம் வினா: தடிப்பு எவ்வளவு? கத்தரியின்மேல் அல்லது அதன் உறையின்மேல் அதன் எல்லை பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெல்லையைத் தாண்டிய தகட்டைக் கைக்கத்தரியால் வெட்ட முயலாமல், மேசையிற் பொருத்திய நெம்புகோல் வெட்டுக் கருவிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூன்றாம் வினா: வெட்டும் கோடு எத்தகையது? நீண்ட நேர்கோடா, வெளிவளைவா, உள்வளைவா? நான்காம் வினா: வெட்டிய ஓரம் எப்படி இருக்க வேண்டும்? பல் வெட்டிய அலகு தகடு நழுவாமல் பிடிக்கும். ஆனால் ஓரத்தில் சிறு தழும்புகளை விடும். மடிப்புக்குள் மறையும் ஓரமாயின் அதனால் குற்றமில்லை. வெளியே தெரியும் ஓரமாயின் வழுவழுப்பான அலகே சிறந்தது.

ஒரு புனலை எடுத்துக்கொள்வோம். அதை விரித்தால் விசிறி போன்ற வடிவம் கிடைக்கும். அதில் இரண்டு நேர்கோடுகள், பெரிய வெளிவளைவு ஒன்று, சிறிய உள்வளைவு ஒன்று ஆகியவை உள்ளன. நேர்கோடுகளையும் வெளிவளைவையும் நேர் அலகுக் கத்தரியால் வெட்டிவிடலாம். கழிவுத் தகடு சுருண்டு ஒதுங்கி வழிவிடும். உள்வளைவில் அது இயலாது. நேர் அலகின் முனை நல்ல தகட்டில் இடித்து வடிவைக் கெடுத்துவிடும். அங்கே வளைந்த அலகுக் கத்தரி வேண்டும். எண்ணெய்க்கடையில் தொங்கும் ஓர் எளிய புனலுக்குள் இவ்வளவு வடிவ கணிதமும், கருவியைத் தெரிந்தெடுக்கும் அறிவும் அடங்கியிருக்கின்றன.

வாங்கும்போது கத்தரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடித்து உருவாக்கிய எஃகாலானதா என்று கேளுங்கள். இணைப்பாணி ஆடக்கூடாது, ஆடினால் அலகுகளுக்கிடையே இடைவெளி விழுந்து, தகடு அறுபடாமல் மடிந்து சிக்கிக்கொள்ளும். கைப்பிடி உங்கள் கைக்கு அடங்க வேண்டும். பெரியவர் கைக்கு ஏற்ற கத்தரி பதினைந்து வயது மாணவன் கைக்கு ஏற்றதன்று. முடிந்தால் ஒரு துண்டுத் தகட்டை அடியிலிருந்து முனை வரை வெட்டிப் பாருங்கள். முனையும் தூய்மையாக வெட்டினால் அது நல்ல கத்தரி.

வாங்கிய பின் அதைப் பேணுவதும் அறிவே. தகட்டுக் கத்தரியால் கம்பியை வெட்டலாகாது. அலகில் பள்ளம் விழும். ஒவ்வொரு வெட்டிலும் அலகுகளை முனை வரை மூடலாகாது. மூடிய இடந்தோறும் ஓரத்தில் பிசிறு எழும். வெட்டவில்லையென்று கைப்பிடியில் குழாயைச் செருகி நீட்டுவதும், சுத்தியலால் அடிப்பதும் கூடவே கூடாது. கைப்பிடியைச் சுத்தியலால் அடிக்கத் தோன்றும் கணமே, தவறான கத்தரியைக் கையில் எடுத்திருக்கிறோம் என்பதற்கு அறிகுறி. அப்போது கருவியை மாற்ற வேண்டுமேயன்றி, விசையைக் கூட்டலாகாது. வெட்டிய தகட்டின் ஓரம் கத்தியை ஒக்கும். மிகுந்த விசையோடு அழுத்தும் கை நழுவினால் நேரே அவ்வோரத்தில்தான் விழும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, வெட்டிய ஓரத்தை அரத்தால் தேய்த்து மழுக்குவது கோழைத்தனமன்று. தொழில் தெரிந்தவன் பழக்கம்.

இவற்றை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. அதன்வழி வளர்ந்த தொழிற்பயிற்சி நிலையங்களில் தகட்டு வேலை ஒரு தனிப் பாடப்பிரிவு. பள்ளிப் படிப்பை முடித்து அங்குச் செல்லும் இளைஞர்கள் பலர், எழுத்தறிந்த குடும்பத்தின் முதல் தலைமுறையினர். ஒரு விரலின் காயம் அவர்கள் வாழ்வின் போக்கையே மாற்றிவிடக்கூடும். மறுபுறம், கல்லூரிக்குச் செல்லும் மாணவர் சிலர் நெம்புகோல் விதியைத் தாளில் எழுதி முழு மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால், ஒரு தகட்டை நேராக நறுக்க அறியார். கை அறிந்ததை ஏடு அறியாமலும், ஏடு அறிந்ததைக் கை அறியாமலும் இருப்பது கல்வியின் குறைபாடாகும். ஆதாரக் கல்வித் திட்டம் 1937-இல் வார்தாவில் உருவானபோது, கைத்தொழில் வழியே அறிவைப் புகட்ட வேண்டும் என்று அதை வகுத்தோர் கருதியதும் இதனாலேயே.

நம் வட்டாரம் உலோகத்தோடு நெடுநாள் உறவுடையது. திருவரங்குளத்திற்கு அண்மையிலுள்ள பொற்பனைக்கோட்டையில் 2023-இல் அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சிறு பொன்னணி ஒன்று கிடைத்தது. அதை ஆக்கிய கையையும் நாம் அறியோம். அது பற்றிய கருவியையும் அறியோம். கல்வெட்டுகள் கொடுத்தவன் பெயரையும் கொடுத்த பொன்னின் நிறையையும் கூறுகின்றன. பொருளை ஆக்கியவன் பெயரையோ, அவன் அதை எவ்வாறு ஆக்கினான் என்பதையோ அவை பெரும்பாலும் கூறுவதில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் வாய்ப்பு இன்று உங்களுக்கு இருக்கிறது.

உங்கள் ஊரில் தகர வேலை செய்யும் முதியவர் ஒருவர் இருப்பாராயின், விடுமுறை நாளில் அவரிடம் செல்லுங்கள். அவர் வைத்திருக்கும் கத்தரிகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் அவர் வழங்கும் பெயர் என்ன, எந்தத் தகட்டிற்கு எதை எடுக்கிறார், ஏன் எடுக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள், படமும் வரைந்துகொள்ளுங்கள். அவர் இசைந்தால் ஒரு துண்டுத் தகட்டை நீங்களே வெட்டிப் பாருங்கள். அப்பொழுது நீங்கள் எழுதும் ஏடு நம் நாட்டுக் கைத்தொழில் வரலாற்றில் ஒரு பக்கமாகும்.